புறாவுக்கு வைத்த கண்ணாடி

(கூடி வாழும் பறவைகளின் உடலியல் குறித்து ஒரு பொது நூலகத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு பறவைகளைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பேச்சு முடிந்து பிள்ளைகள் கலைந்தபோது, ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். "ஐயா, எங்க பாட்டி வீட்டுல ரெண்டு லவ் பேர்ட்ஸ் இருந்துச்சு. ஒண்ணு செத்துப்போச்சு. இன்னொண்ணு மட்டுந்தான் இருக்கு. தெனமும் தினை வைக்கிறோம், தண்ணி மாத்துறோம், பூனை வராம பாத்துக்கிறோம். அது போதுமாய்யா?" என்று கேட்டாள்.

வண்டிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் 'போதுமா' மட்டும் என்னோடு வண்டியேறி வந்துவிட்டது. தினை, தண்ணீர், பாதுகாப்பு மூன்றும் இருக்கின்றன. ஒரு பறவையின் உடம்புக்கு வேறென்ன வேண்டும்? அன்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடைதான் இன்றைய என் பேச்சு.

நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் பச்சையும் நீலமுமான அந்தப் பறவை பெரும்பாலும் பட்ஜெரிகர் என்னும் சிறு கிளி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி அதன் சொந்த மண். மழை பெய்த இடத்தையும் புல் விதை கட்டிய இடத்தையும் தேடி அங்கே அவை கூட்டம் கூட்டமாக அலையும். ஒரு குட்டையில் தண்ணீர் குடிக்க ஆயிரக்கணக்கில் இறங்கும். அப்படி வாழப் பிறந்த ஓர் உயிரின் உடம்பில் கூட்டம் என்ன வேலை செய்கிறது என்பதைக் கடந்த நூறு ஆண்டுகளாக ஆய்வாளர்கள் பொறுமையோடு பார்த்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை ஒரு வரியில் சொன்னால், உடம்புக்குள் நடக்கும் வேலைகளில் ஒரு பங்கைப் பக்கத்திலிருக்கும் பறவைகள் செய்து கொடுக்கின்றன. அது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண் வழியே வளரும் முட்டை

தனியாக அடைத்து வைத்த பெண்புறா முட்டையிடாது. புறா வளர்ப்பவர்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரியும். ஆண் இல்லாமல் இரண்டு பெண்புறாக்களை ஒரே கூண்டில் விட்டால் இரண்டுமே முட்டையிட்டுவிடும். கூமுட்டைதான், குஞ்சு பொரிக்காது; ஆனால் முட்டை வந்துவிடும். அப்படியென்றால் முட்டையைத் தூண்டுவது எது? இணை சேர்வதா, தொடுவதா, வெறுமனே பார்ப்பதா?

பிரிட்டிஷ் விலங்கியலாளர் எல். ஹாரிசன் மாத்யூஸ் 1939-இல் இதைச் சோதித்தார். பெண்புறாவுக்கும் மற்றொரு புறாவுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்தார். தொட முடியாது, பார்க்க மட்டும் முடியும். பெண்புறா முட்டையிட்டது. பிறகு ஒரு புறாவை முற்றிலும் தனிமையில் வைத்து, அதன் கூண்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்தார். தன் உருவத்தையே இன்னொரு புறாவாக எடுத்துக்கொண்டு அது முட்டையிட்டது.

இதில் நடப்பதைச் சற்று நின்று கவனியுங்கள். கண்ணில் விழுந்த ஓர் உருவம் மூளைக்குப் போகிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்கள் இரத்தத்தில் கலந்து சூலகத்தை எட்டுகின்றன. அங்கே மஞ்சள் கரு திரள்கிறது, முட்டை உருவாகிறது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி பறவையின் உடம்புக்கு வெளியே, இன்னொரு பறவையிடம் இருக்கிறது.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் லெர்மன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழுத்தில் கறுப்பு வளையம் போட்ட சிறு புறாக்களோடு கழித்தார். ஆண் குனிந்து குனிந்து கூவி ஆடுவதைக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தாலே பெண்ணின் சூலகமும் முட்டைக்குழலும் வளரத் தொடங்குவதை அவரும் அவருடைய மாணவர்களும் காட்டினார்கள். விதை நீக்கப்பட்டதால் ஆடிக் காட்டாத ஆணை வைத்தபோது அந்த வளர்ச்சி ஏற்படவில்லை. ஆண் ஒன்று அருகில் இருந்தால் மட்டும் போதாது, அது ஆணாக நடந்துகொள்ளவும் வேண்டும்.

புறாப்பால் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புறாக்களில் தாயும் தந்தையும் தீனிப்பையின் உட்சுவரிலிருந்து தயிர்க்கட்டி போன்ற ஒன்றைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். புரோலாக்டின் என்னும் ஹார்மோனின் வேலை அது. 1936-இல் எம்.டி. பட்டேல் என்னும் ஆய்வாளர், அடைகாத்துக்கொண்டிருந்த ஆண்புறாவைக் கூட்டிலிருந்து பிரித்து, தன் இணை அடைகாப்பதை மட்டும் பார்க்கும்படி வைத்தார். அதன் தீனிப்பை பால் சுரப்பதற்கு ஏற்றபடி தொடர்ந்து தடித்தது. பெட்டை அடைகாப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தே சேவலுக்குப் பால் கட்டுகிறது.

நம் லவ் பேர்ட்ஸ் கதையும் இதேதான். பட்ஜெரிகர் ஆண் மெல்லிய குரலில் இடைவிடாமல் குழறிக் குழறிப் பாடும். அந்தப் பாட்டைக் கேட்பதாலேயே பெண்ணின் சூலகம் வளர்வதை 1960-களில் பார்பரா பிராக்வே கண்டறிந்தார். புறாவுக்குக் கண் என்றால் பட்ஜெரிகருக்குக் காது.

இரு பறவைகளுக்குள் நடப்பது ஆயிரம் பறவைகளுக்குள் நடந்தால் எப்படியிருக்கும்? ஸ்காட்லாந்தில் கடற்காகங்களைக் கவனித்த ஃப்ரேசர் டார்லிங், 1938-இல் வெளியிட்ட நூலில் அதைப் பேசினார். பெரிய குடியிருப்புகளில் பறவைகள் சற்று முன்னதாகவே, அதுவும் ஒரே காலத்தில் நெருக்கமாக முட்டையிடுகின்றன. சுற்றிலும் நடக்கும் காதல் ஆட்டமும் கூச்சலும் ஒவ்வோர் உடம்பையும் முடுக்கிவிடுகின்றன என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் இதை எல்லா இனங்களிலும் ஒரே அளவில் காணவில்லை. ஆனாலும் மிருகக்காட்சிச் சாலைகளில் பூநாரை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கருத்து அன்றாட அனுபவம். நாலைந்து பூநாரைகளை மட்டும் வைத்திருந்தால் அவை கூடு கட்டுவதே அரிது. அதனால் கூட்டத்தைப் பெரிதாக்குகிறார்கள். முடியாத இடத்தில் பெரிய கண்ணாடிகளை நிறுத்திக் கூட்டத்தைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். மாத்யூஸ் புறாவுக்கு வைத்த அதே கண்ணாடி.

அப்பத்தாவின் கோழிக்கூடு

கூட்டம் என்றால் கூடிக் குலாவுதல் மட்டும் அல்ல. அதில் கொத்தும் உண்டு.

சிறு வயதில் விடுமுறைக்கு அப்பத்தா வீட்டுக்குப் போவேன். பத்துப் பன்னிரண்டு கோழிகள் இருக்கும். சந்தையிலிருந்து புதிதாக ஒரு பெட்டையை வாங்கி வந்தால், அப்பத்தா அதைப் பகலில் முற்றத்தில் விடவே மாட்டார். தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார். இருட்டி, மற்ற கோழிகள் எல்லாம் கூட்டில் அடைந்த பிறகு, கையை உள்ளே விட்டு அவற்றின் நடுவில் புதுக்கோழியை மெதுவாக உட்காரவைப்பார். "விடியக்காலம் கண்ணு முழிச்சா, நாமெல்லாம் ஒண்ணாத்தான் கெடந்தோம்னு கொஞ்சம் சும்மா இருக்கும்டா" என்பார். அப்படியும் காலையில் கொத்து விழும். புதுக்கோழி தீனிக்கு வரும்; பெரிய பெட்டை ஒரு பார்வை பார்க்கும்; இது கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கும். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி என்று சொல்லி விற்றிருப்பார்கள். வந்த பின் பத்துப் பதினைந்து நாளைக்கு முட்டையே இருக்காது. "எடம் பழகட்டும், அப்பறம் விடும்" என்று அப்பத்தா கவலைப்படாமல் இருப்பார்.

அப்பத்தா கண்டதை நார்வேயில் ஒரு சிறுவன் எழுதி வைத்தான். 1894-இல் பிறந்த தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே சிறு வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று ஏட்டில் குறித்து வந்தார். வளர்ந்து ஆய்வாளராகி, 1922-இல் ஜெர்மன் மொழியில் அதை வெளியிட்டார். முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும். அவர் வைத்த 'கொத்து வரிசை' என்ற பெயர் இன்று மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் உலகெங்கும் வழங்குகிறது.

இந்த வரிசை உடம்பில் எங்கே பதிகிறது? பறவைக்கு நெருக்கடி வந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிகோஸ்டீரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கும். நமக்குக் கார்ட்டிசால் போல, பறவைக்கு இது. சற்று நேரத்துக்குச் சுரந்தால் நல்லது: சேமித்த சக்தி இரத்தத்துக்கு வரும், தப்பி ஓட வலு கிடைக்கும். ஆனால் நாள்கணக்கில் சுரந்துகொண்டே இருந்தால், இப்போதைக்குத் தேவையில்லாத வேலைகளை உடம்பு நிறுத்திவைக்கும். அதில் முதலாவது இனப்பெருக்கம். அப்பத்தாவின் புதுக்கோழி முட்டையை நிறுத்தியதன் உட்பொருள் இதுதான்.

அடுத்தது நோய் எதிர்ப்பு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கிராஸ், சீகல் என்ற இருவர், கோழிகளை அடிக்கடி கூண்டு மாற்றி, ஒவ்வொரு முறையும் அந்நியரோடு சேர்த்துவிட்டுப் பார்த்தார்கள். வரிசை அமைவதற்குள் கலைந்து, மறுபடி சண்டை. அப்படிப்பட்ட கோழிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்களின் விகிதமே மாறியது: ஹெட்டரோபில் என்னும் அணுக்கள் கூடின, லிம்போசைட் குறைந்தன. 1983-இல் அவர்கள் முன்வைத்த இந்த விகிதத்தைக் கோழியின் மன அழுத்தத்தை அளக்கும் கோலாக இன்றும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கோழிகள் சில பாக்டீரியாக்களை நன்றாகவே எதிர்த்தன. மைக்கோபிளாஸ்மா போன்ற தொற்றுகளில் எளிதாக விழுந்தன. அணுக்களின் கணக்கு மாறினால் எந்த வாசலில் காவல் கூடும், எந்த வாசலில் குறையும் என்பதும் மாறிவிடுகிறது.

வரிசையில் மேலே இருப்பவருக்கு எல்லாம் சுகம் என்றும் எண்ண வேண்டாம். நார்வேயின் பனிக்காட்டில் வாழும் வில்லோ டிட் என்ற சிறு பறவை, நம் பட்டாணிக்குருவிக்கு உறவு. குளிர்காலத்தில் அவை சிறு குழுக்களாக வாழும். அவை மூச்சில் எடுக்கும் ஆக்சிஜனை ஒலாவ் ஹோக்ஸ்டாட் அளந்தார். குழுவின் தலைமைப் பறவைகளே அதிகச் சக்தியைச் செலவிட்டன. மேலிடத்தைக் காத்துக்கொள்ள உடம்பு ஓயாமல் எரிய வேண்டியிருக்கிறது. தலைமைக்கு விலை உண்டு என்று அவர் 1987-இல் எழுதினார்.

இதே வரிசையைப் பற்றிய இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வட அமெரிக்காவில் ஹாரிஸ் குருவி என்று ஒன்று உண்டு. குளிர்காலக் கூட்டத்தில் தொண்டையில் எவ்வளவு கறுப்போ அவ்வளவு மதிப்பு. சீவர்ட் ரோவர் 1970-களில் எளிய குருவிகளின் தொண்டைக்குக் கறுப்புச் சாயம் பூசினார். கூட்டம் அவற்றைத் துரத்தியடித்தது. வேறு சில குருவிகளுக்குச் சாயம் பூசாமல் டெஸ்டோஸ்டீரோன் ஹார்மோன் மட்டும் கொடுத்தார். அவை வீராப்பாக நடந்தன, ஆனால் மற்றவை வழிவிடவில்லை. சாயமும் ஹார்மோனும் சேர்ந்து கிடைத்த குருவிகள்தாம் வரிசையில் ஏறின. உள்ளே ஓடும் இரத்தமும் வெளியே தெரியும் அடையாளமும் ஒன்றையொன்று மெய்ப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் ஏற்காது.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்

கொத்துவதும் கூட்டம், அந்தக் கொத்தின் காயத்தை ஆற்றுவதும் கூட்டம்.

ஆஸ்திரியாவின் ஆல்ம் பள்ளத்தாக்கில் குரூனாவ் என்றோர் ஊர். நோபல் பரிசு பெற்ற ஆண்டான 1973-இல் கொன்ராட் லோரன்ஸ் தம் சாம்பல் வாத்துகளை அங்கே கொண்டுவந்து குடியேற்றினார். அவற்றின் வழிவந்தவை இன்றும் அங்கே சுதந்திரமாகத் திரிகின்றன. ஒவ்வொன்றின் பிறப்பும் இணையும் உறவும் ஆய்வாளர்களுக்குத் தெரியும். கிளாடியா வாஷர், இசபெல்லா ஷைபர், குர்ட் கோட்ராஷல் மூவரும் சில வாத்துகளின் உடம்புக்குள் சிறு கருவி பொருத்தி, அவற்றின் இதயத்துடிப்பைத் தூரத்திலிருந்தே கேட்டார்கள்.

அந்தப் புல்வெளியை மனக்கண்ணில் பாருங்கள். ஒரு வாத்து சும்மா நின்றுகொண்டிருக்கிறது. கழுத்தை நீட்டவில்லை, குரல் எழுப்பவில்லை. சற்றுத் தள்ளி இரண்டு வாத்துகள் மோதிக்கொள்கின்றன. நிற்கிற வாத்தின் உடலில் வெளியே ஒரு சலனமும் இல்லை. ஆனால் கருவியில் அதன் இதயம் விரைகிறது. இடி இடித்தபோதும் வண்டி கடந்தபோதும் எழுந்த துடிப்பைவிடச் சகவாத்துகளின் சண்டையைப் பார்த்தபோது எழுந்த துடிப்பு அதிகம். சண்டையில் இருப்பது தன் இணையோ குடும்பத்தாரோ என்றால் இன்னும் அதிகம். 2008-இல் வெளியான இந்த முடிவை நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். தெருவில் நம் வீட்டுப் பிள்ளை யாரோடோ சண்டையிட்டால் திண்ணையில் இருக்கும் நமக்கு நெஞ்சு படபடக்கிறதே, அதே படபடப்பு.

அதே குழுவினர் வாத்துகளின் எச்சத்தைச் சேகரித்து, அதில் கழியும் நெருக்கடி ஹார்மோனின் எச்சங்களையும் அளந்தார்கள். குடும்பத்தார் சும்மா பக்கத்தில் இருந்தாலே போதும், அளவு தணிந்தது. உதவிக்கு வந்து சண்டைபோட வேண்டியதில்லை, அருகில் இருப்பதே உதவி.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2011-இல் தாய்க்கோழிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. குஞ்சுகளின் மேல் லேசாகக் காற்றை ஊதினார்கள். வலி இல்லை, சிறு தொந்தரவு மட்டும். பார்த்துக்கொண்டிருந்த தாயின் இதயத்துடிப்பு ஏறியது, கண்ணின் வெப்பம் இறங்கியது. வெளித்தோலிலிருந்து இரத்தம் உள்வாங்கியதன் அடையாளம் அது. அந்தக் காற்றைத் தாயின் மேலேயே ஊதியபோது இதயத்துடிப்பு அப்படி ஏறவில்லை.

கூண்டுப் பறவைக்கடைகளில் கிடைக்கும் ஜீப்ரா பிஞ்சுகளும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. ஒருமுறை சேர்ந்த ஜோடி பிரியாமல் வாழும். 2003-இல் அப்படிப்பட்ட ஜோடிகளைப் பிரித்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கார்ட்டிகோஸ்டீரோன் உயர்ந்திருந்தது. பழைய இணையை மறுபடி சேர்த்ததும் இறங்கியது. வேறொரு புதுத்துணையை விட்டபோது அப்படி இறங்கவில்லை. யாராவது ஒருவர் என்பதல்ல, அந்த ஒருவர்தான் வேண்டும் என்கிறது இரத்தம்.

உறக்கமும் குளிரும்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நீல்ஸ் ராட்டன்போர்க் என்ற இளைஞரும் அவருடைய ஆசிரியர்களும் காட்டு வாத்துகளை நான்கு நான்காக வரிசையில் உறங்க வைத்துப் பார்த்தார்கள். பறவைகளால் மூளையின் ஒரு பாதியை உறங்கவிட்டு, மறுபாதியை விழித்திருக்க வைக்க முடியும். விழித்திருக்கும் பாதிக்கு உரிய கண் திறந்திருக்கும். வரிசையின் நடுவில் இருந்த வாத்துகள் பெரும்பாலும் இரு கண்ணும் மூடி நன்றாக உறங்கின. ஓரத்தில் இருந்தவை அவற்றைவிட அதிக நேரம் ஒற்றைக் கண்ணைத் திறந்தபடி அரை உறக்கம் உறங்கின. அந்தத் திறந்த கண் பெரும்பாலும் கூட்டத்துக்கு வெளிப்புறமாகவே பார்த்திருந்தது. 1999-இல் வெளியான ஆய்வு இது. உறக்கத்தின் ஆழத்தை முடிவு செய்தது வரிசையில் கிடைத்த இடம். நாலு பேர் படுக்கும் அறையில் வாசலோரம் படுத்தவர் தூக்கம் எப்படி என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

குளிர் என்றால் அண்டார்க்டிகாவின் பேரரசப் பெங்குவின்தான். ஆண் பெங்குவின் முட்டையைக் கால்மேல் ஏந்தி இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கும். இணைசேரும் காலத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு மாதம் ஒரு வாய்த் தீனி இல்லை. ஆயிரக்கணக்கில் அவை நெருக்கி அடைந்து நிற்கும். அந்த நெருக்கத்தின் நடுவே வெப்பம் சில சமயம் 37 டிகிரியையும் தாண்டுகிறது, வெளியே உறைபனி. நெருங்கி நிற்கும் பறவைகள், தளர்வாகச் சேர்ந்து நிற்பவற்றைவிட 16 சதவீதம் குறைவாகவே சக்தியைச் செலவிட்டன என்று 1997-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நான்கு மாதப் பட்டினியில் அந்த 16 சதவீதம்தான் குஞ்சு பொரிவதற்கும், பாதியில் முட்டையை விட்டுவிட்டுக் கடலுக்குத் தீனி தேடிப் போவதற்கும் உள்ள வேறுபாடு.

பறத்தலிலும் இந்தப் பங்கு உண்டு. செனகல் நாட்டில் வெள்ளைக் கூழைக்கடாக்களைப் படகின் பின்னாலும் சிறு விமானத்தின் பின்னாலும் பறக்கப் பழக்கி இதயத்துடிப்பை அளந்தார் ஹென்றி வைமர்ஸ்கிர்ஷ். தனியாகப் பறந்ததைவிட வரிசையாகப் பறந்தபோது துடிப்பு 11 முதல் 14 சதவீதம் குறைவு. முன்னால் போகும் பறவையின் சிறகு எழுப்பும் காற்று பின்னால் வருவதைத் தாங்குகிறது. பின்னால் வருவதற்குச் சற்று நேரம் சிறகை விரித்தபடியே மிதக்க முடிகிறது. வேடந்தாங்கலில் மாலை வேளையில் கூழைக்கடாக்கள் வரிசைகட்டி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது அந்த வரிசையில் மிச்சமாகும் இதயத்துடிப்புகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லா நெருக்கமும் இலாபம் அல்ல. மாடப்புறாக்கள் மந்தையாக நெருங்கிப் பறக்கும்போது தனியாகப் பறப்பதைவிட வேகமாகச் சிறகடிக்க வேண்டியிருக்கிறது என்று 2011-இல் பிரிட்டனில் கண்டார்கள். கூடுதல் செலவுதான். இருந்தும் புறாக்கள் கூடியே பறக்கின்றன. வல்லூறு தனிப்புறாவைத்தான் தேடும்.

பக்கத்து வீட்டுப் பசியும் நோயும்

சிவப்புக் கிராஸ்பில் என்ற பறவை ஊசியிலைக் காடுகளில் கூட்டமாக அலைந்து விதை தின்னும். ஜேமி கார்னீலியஸ் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இது: தீனி குறைக்கப்பட்ட ஒரு பறவையின் அடுத்த கூண்டில் வயிறு நிறைந்த பறவைகள் இருந்தால் அதன் நெருக்கடி ஹார்மோன் அவ்வளவாக ஏறவில்லை. அடுத்த கூண்டிலும் பசி என்றால் நன்றாகவே ஏறியது. இரண்டு பறவைக்கும் கிடைத்த தீனி ஒரே அளவு. பக்கத்து வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று தெரியும்போது, இது என் ஒருவனின் கெட்ட நாள் அல்ல, காட்டுக்கே வந்த பஞ்சம் என்று உடம்பு புரிந்துகொள்கிறது. கிளம்பு என்று தன்னைத் தயார்படுத்துகிறது.

நோயிலும் அப்படித்தான். கூட்டமாக வாழ்ந்தால் தொற்று சீக்கிரம் பரவும். கூடி வாழ்வதற்கு உயிர்கள் கொடுக்கும் பெரிய விலை அது. அந்த விலையைக் குறைக்க உடம்பு ஒரு வழி வைத்திருக்கிறது. 2021-இல் ஆஷ்லி லவ் குழுவினர் நலமான கேனரிப் பறவைகளை, நோயுற்ற கேனரிகளைப் பார்க்க மட்டும் முடியும்படி வைத்தார்கள். தொற்று இவற்றை எட்டவில்லை. ஆனால், கண்ணெதிரே மற்றவை சோர்ந்து இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே இவற்றின் இரத்தத்தில் கிருமியை அழிக்கும் புரதங்களின் செயல் கூடியது, வெள்ளணுக்களின் அளவும் மாறியது. தீ தெருமுனைக்கு வந்தபோதே குடத்தில் தண்ணீர் நிரப்பிவைக்கும் வீடுபோல.

மூளையில் கூட்டத்துக்கு ஓர் இடம்

இத்தனையும் நடக்கும் மூளையில் கூட்டத்தின் மேல் உள்ள ஆசைக்கு இடம் உண்டா? ஜேம்ஸ் குட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதைத் தேடினார். தனித்து எல்லை பிடித்து வாழும் இனம், மிதமாகக் கூடும் இனம், பெருங்கூட்டமாகவே வாழும் இனம் என்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து சிறு பறவைகளை ஒப்பிட்டார். கூட்டமாக வாழும் பக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட இரண்டில் ஒன்று ஜீப்ரா பிஞ்ச். மற்றொன்று நம் வயல்வெளிகளில் நெற்கதிரைக் கூட்டமாக வந்து கொத்தும் புள்ளிச் சில்லை. ஆம், நம்மூர்ப் பறவைதான்.

மனிதத் தாய்க்குப் பால் வெளிவர உதவும் ஆக்சிடோசினுக்கு ஈடாகப் பறவைகளில் மீசோடோசின் என்னும் ஹார்மோன் உண்டு. அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள், கூட்டமாக வாழும் இனங்களின் மூளையில் செப்டம் என்னும் பகுதியின் ஓர் இடத்தில் அடர்ந்திருந்தன. தனித்து வாழும் இனங்களில் அப்படியில்லை. பிறகு பெண் ஜீப்ரா பிஞ்சுகளுக்கு ஒருபுறம் பெரிய கூட்டம், மறுபுறம் சிறிய கூட்டம் என்று வைத்து, அந்த ஏற்பிகளை மருந்தால் அடைத்தார். பெரிய கூட்டத்தின் மேல் இருந்த ஈர்ப்பு குறைந்தது. மீசோடோசினைக் கூட்டியபோது ஈர்ப்பு கூடியது. 2009-இல் இது வெளிவந்தது. பசிக்கு உடம்பில் ஓர் இடம் இருப்பதுபோல், தன் இனத்தாருக்கான பசிக்கும் ஓர் இடம் இருக்கிறது.

போதுமா?

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி பேச்சுக் கிளி என்று உலகெங்கும் கூண்டில் வளர்க்கப்படுகிறது. காட்டில் அது பெருங்கூட்டமாக வாழ்வது. வியன்னாவின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2014-இல் அந்தக் கிளிகளின் இரத்தத்தில் டெலோமியர்களை அளந்தார்கள். குரோமோசோம்களின் நுனியில், செருப்புக் கயிற்றின் முனைப்பூண் போல் இருக்கும் பகுதி டெலோமியர். வயது ஏற ஏற அது தேயும். ஓயாத நெருக்கடியிலும் தேயும். தனியாக வளர்க்கப்பட்ட கிளிகளின் டெலோமியர்கள், ஜோடியாக வளர்க்கப்பட்டவற்றைவிடக் குட்டையாக இருந்தன. ஒன்பது வயதுத் தனிக்கிளியின் டெலோமியர், அதைவிட 23 வயது மூத்த ஜோடிக்கிளியின் டெலோமியர் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அந்தக் கிளிகளுக்கும் தீனி இருந்தது, தண்ணீர் இருந்தது, பூனை வரவில்லை. தேய்ந்தது குரோமோசோமின் நுனி.

ஆகவே, மகளே, போதாது. தினையும் தண்ணீரும் பாதி உணவு. மீதிப் பாதி இன்னொரு பறவை.

இங்கே வந்திருக்கும் பெரியவர்களிடம் சில வேண்டுகோள்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைக் கூண்டில் வைப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டத்துக்காக மட்டுமல்லாமல், அந்தக் கிளியின் குரோமோசோமுக்காகவும் அதைக் கைவிடுங்கள். ஏற்கெனவே வீட்டில் பட்ஜெரிகரோ பிஞ்சோ தனித்துப் போயிருந்தால், அதே இனத்தில் ஒரு துணையைத் தேடுங்கள். உடனே ஒரே கூண்டில் தள்ளாமல், சில நாள் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து, பார்த்தும் கேட்டும் பழகவிடுங்கள். கோழி வளர்ப்பவர்கள் கூட்டத்தை அடிக்கடி கலைத்துச் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் என் அப்பத்தாவைப் போல் இருட்டிய பிறகு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. கூண்டு விற்கும் கடைகளில் ஒரு சிறு கண்ணாடியும் தொங்கவிட்டு விற்பார்கள். தனிப்பறவை அதில் தன்னையே பார்த்துத் தலையாட்டுவதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். மாத்யூஸின் புறாவைப்போல் அதன் மூளையும் கண்ணாடியை நம்பத்தான் செய்யும். ஆனால் பறவைக்கு உடம்பு முழுவதும் அலகு எட்டும். தலையும் பிடரியும் மட்டும் எட்டாது. அங்கே முளைக்கும் புது இறகின் உறையைக் கோதிப் பிரித்துவிடுவது பெரும்பாலும் துணைப்பறவையின் வேலை. பிடரி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கொடுக்கும் பட்ஜெரிகரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியிலிருக்கும் பறவையும் அதே நேரத்தில் தலையைச் சாய்த்துக் கொடுக்கிறது. கோதிவிட அங்கே யாரும் இல்லை.

அந்தப் பாட்டி வீட்டுக் கூண்டில் இன்னொரு பறவை வந்து சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.